நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள்

மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்ததும் அவளுக்கென்று ஒரு போன் வாங்கினோம். வாங்கிய அன்றே அதில் பேரன்ட்டல் கன்ட்ரோல் ஆப் ஒன்றையும் போட்டுவிட்டேன். கணவருக்கு அசாமில் வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வந்து போவார். எனக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. டெல்லி ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்கு நான் வந்து சேர மாலை ஏழு மணி ஆகிவிடும். அவளோ ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டரைக்கெல்லாம் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். இடையில் இருக்கும் அந்த நாலரை மணி நேரத்தை நினைத்துத்தான் தினமும் எனக்குப் பயம்.

இருபது வருஷமாக ஃபைல் பார்க்கிறவள் நான். அந்த ஆப்பையும் ஒரு ஃபைலாகத்தான் நடத்தினேன். அவள் எந்த கேமை இறக்க நினைத்தாலும் முதலில் என் போனுக்கு ஒரு கோரிக்கை வரும். நான் இருந்த இடத்திலிருந்தே அனுமதிப்பேன், பிடிக்கவில்லை என்றால் தள்ளுவேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் திரை தானாக அணைந்துவிடும். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் என் போனில் இருக்கும் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி எங்கள் வீட்டின் மேல் வந்து நிற்கும். யாராவது அரட்டையில் கெட்ட வார்த்தை பேசினாலோ, விலாசம் கேட்டாலோ, போட்டோ கேட்டாலோ என் போன் அலறும். ஆங்கிலம் தெரியும், ஹிந்தி தெரியும் என்று அந்த ஆப்பின் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எட்டு மாதத்தில் அது ஒரு தடவைகூட அலறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் வார அறிக்கையை டீ குடித்துக்கொண்டே படிப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது, மறைப்பானேன்.

ஆப்பின் மேல் நான் குறை சொல்ல வரவில்லை. அதற்குத் தெரிந்ததை அது ஒழுங்காகச் செய்தது. எனக்குத் தெரிந்ததை நான் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை இருந்தது. மகளுக்குத் தமிழ் வராது. டெல்லியில் பிறந்தவள். தோழிகளோடு ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம், என்னோடு எல்லாம் கலந்த ஒரு கிச்சடி. தமிழ் எழுத்து ஒன்றுகூடப் படிக்க வராது. திருநெல்வேலியிலிருந்து என் தங்கை போன் செய்தால், "ஹலோ சித்தி, நல்லா இருக்கேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்துவிடுவாள். "ஒன் மக இந்திக்காரியாயிட்டா போ" என்பாள் தங்கை. சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எங்கேயாவது தமிழ் காதில் விழுந்துவிட்டால் எனக்குப் பாதி உஷார் போய்விடும். மெட்ரோவில் பக்கத்தில் இருப்பவர் போனில் தமிழ் பேசினால், அவர் வைக்கும்வரை காத்திருந்து எந்த ஊர் என்று கேட்பேன். மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கடைக்காரரிடம் தமிழில் கறிவேப்பிலை கேட்டார். அவ்வளவுதான், பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு அரிசி மூட்டையைத் தூக்க உள்ளே போனேன். பெயர்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது பிள்ளை அவர் இடுப்பில் பத்திரமாக இருந்தது. "நம்ம ஆளுங்க, பயமில்ல" என்று அந்தக் கதையை மகளிடமே நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "மம்மி, 'போர் ஹோ ரஹி ஹூம்' தமிழ்ல எப்படிச் சொல்றது?"

"போரடிக்குதுன்னு சொல்லு."

"போரடிக்குது," என்று சொல்லிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. தானாக வந்து தமிழ் கேட்கிறாள். அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏதாவது கேட்பாள். 'அகேலி'க்குத் தமிழ் என்ன என்றாள். தனியா, என்றேன். "வீட்டுல நான் தனியாத்தான் இருக்கேன்" என்று முழு வாக்கியமாகவும் சொல்லிக்கொடுத்தேன். "மம்மி ஏழு மணிக்கு வரும்" என்று ஒரு நாள் சொன்னாள். "அம்மாவ அப்படிச் சொல்லக் கூடாது, வருவாங்கன்னு சொல்லணும்" என்று திருத்தினேன். அப்பா ரொம்பத் தூரத்தில் இருக்காங்க. எங்க வீடு ரெண்டாவது மாடி. எங்கள் குவார்ட்டர் எண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள், நூறு, பத்து, ஒன்று என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். ஹாலில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வாள். தங்கை மகளோடு மெசேஜில் பேசுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரோடு பேசுகிறாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். என்னிடம்தான் அறிக்கை இருக்கிறதே, எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை மாலை. அலுவலகத்திலிருந்து வந்து ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு மேஜையில் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"மம்மி, 'கிஸி கோ நஹீ பதாவூங்கி' தமிழ்ல?"

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன் திரும்பாமலே.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

அவள் வாயிலிருந்து அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பை அணைத்தேன். "யார்ட்டடி சொல்ல மாட்ட? என்னத்த சொல்ல மாட்ட?"

"குச் நஹீ, மம்மி," ஒன்றுமில்லை என்றாள்.

நான் முன்கோபக்காரி. அன்றைக்கு அது எனக்கு உதவவில்லை. ஒரே எட்டில் போய்ப் போனைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை, அவசர அவசரமாக எதையோ அழிக்கப் பார்த்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியே விட்டேன். "கூட இருந்துட்டே குழி பறிக்கியா" என்று கத்தினேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் வார்த்தையா அது. அந்த மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நிறையப் பேர் சேர்ந்து ஊர் கட்டும் ஒரு கேம். நான்தான் அனுமதித்தது. அதன் அரட்டைப் பெட்டியில் இரண்டரை மாதப் பேச்சு இருந்தது. எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், ஆப்புக்குத் தெரியாத மொழி. ஒரு 'அண்ணா'. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறானாம். டெல்லியில் தமிழ் பேச ஆளே இல்லை, உன்னோடு பேசினால் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தான். வீட்டுல நான் தனியாத்தான் இருக்கேன் என்று பதில் போயிருந்தது. அம்மா எப்போ வருவாங்க? ஏழு மணிக்கு வருவாங்க. எந்த மாடி, எந்த எண். ஒவ்வொரு பதிலும் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். நான் திருத்தியது திருத்தியபடியே இருந்தது.

யூனிஃபார்மோடு ஒரு போட்டோ கேட்டு வாங்கியிருந்தான். சட்டையில் பள்ளியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. கடைசியாக அன்று எழுதியது: வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வரேன், ஊர் முறுக்கு கொண்டு வரேன், அம்மா வர்றதுக்குள்ள போயிடுவேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேல்ல?

பதில் பெட்டியில் பாதி எழுதி நின்றிருந்தது.

"யாருன்னே தெரியாதவன் கிட்ட வீட்டு நம்பரக் குடுத்திருக்கியே," என்றேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "தெரியாதவங்க இல்ல மம்மி. அவங்க தமிழ். அப்னே லோக் ஹைம். நீதானே சொல்லுவே, நம்ம ஆளுங்கன்னா பயமில்லன்னு."

என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பயம் மட்டும் மிஞ்சியது. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

கணவருக்குப் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் கேட்டார். பிறகு, "போனப் புடுங்கி அலமாரில வச்சுப் பூட்டு. நெட்ட வெட்டி விடு. ஸ்டேஷன் கீஷன்னு போயிறாத, பொம்பளப் பிள்ள விஷயம்" என்றார்.

"போனப் பூட்டுனா, நம்ம வீட்டு நம்பர் அவனுக்கு மறந்திருமா?" என்றேன்.

"நான் லீவு கேட்டுட்டு வாரேன். வந்து பாத்துக்கிடுவோம்."

"நீங்க வாரதுக்குள்ள வெள்ளிக்கிழம வந்துரும். நான் நாளைக்குப் போறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். ஆனால் அவருடைய பயம் ஊரைப் பற்றியது, என்னுடையது வாசல் கதவைப் பற்றியது. அதனால் நான் கேட்கவில்லை.

மகள் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று கெஞ்சினாள். ஒரு வரிகூட அழிக்கக் கூடாது என்று சொன்னேன். "ஆபீஸ்ல ஒரு ஃபைலக் கிழிச்சுப் போட்டா, தப்பு செஞ்சவன் தப்பிச்சிருவான். நீ எதுவும் மறைக்க வேண்டாம்." பிறகு அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். "நான் இப்படிப் புடிச்சது தப்பு," என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அன்று என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளவும் இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் சைபர் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். முதலில் இருந்த ஆள், பிளாக் செய்துவிட்டுப் போங்கள் மேடம் என்று அனுப்பப் பார்த்தார். புகாரை எழுதி முத்திரை போட்டுத் தரும்வரை நகர மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அரசாங்க அலுவலகத்தில் எதைக் கேட்டால் வேலை நடக்கும் என்று எனக்கா தெரியாது. முக்கால் மணி நேரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்து எங்களை உள்ளே கூட்டிப் போனார்.

அவர் நான் பிரிண்ட் எடுத்து வந்த தாள்களைப் புரட்டினார். "யே க்யா லிகா ஹை, மேடம்?" என்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அந்த நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வரி வரியாக நீங்களே ஹிந்தியில் சொல்லுங்கள், இவர் தட்டச்சு செய்வார் என்று ஒரு கான்ஸ்டபிளைக் காட்டினார்.

ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாள் பேச்சும் இரண்டே முக்கால் மணிக்கு ஒரே சொல்லில் தொடங்கியது: saptiya. கானா காயா, என்று சொன்னேன். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். பத்தாவது தடவை அதிகாரி நிமிர்ந்து, "ரோஸ் கானா பூச்தா தா?" என்றார். தினமும் சாப்பிட்டாயா என்று கேட்பானா என்று அவருக்கு ஆச்சரியம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொன்னாள். ஹிந்தியில், தரையைப் பார்த்துக்கொண்டே. "முன்னாடி மம்மி இரண்டரைக்கு வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் பண்ணிக் கேட்பாங்க. ஆப் போட்டதுக்கு அப்புறம் பண்றதில்ல. நான் வீட்டுல இருக்கிறது அதுலேயே தெரியுமில்ல."

உண்மைதான். பச்சைப் புள்ளி வந்துவிட்டால் நான் போனைக் கீழே வைத்துவிடுவேன். அவள் சாப்பிட்டாளா என்று எட்டு மாதமாக அந்த நேரத்தில் நான் கேட்கவில்லை. அவன் ஒரு நாள் விடாமல் கேட்டிருக்கிறான். கன்னத்தில் அறை வாங்கியவள்போல உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுத்த வரிக்குப் போனேன், வேலை முடிய வேண்டுமே.

வீட்டு எண் வந்த தாளில் அதிகாரி நிறுத்தினார். பிள்ளைக்குத் தமிழ் சரியாக வராது என்கிறீர்கள், வீட்டு எண்ணைக்கூடத் தமிழிலேயே எழுதியிருக்கிறாளே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"மைம்னே," என்றேன். நான்தான்.

கான்ஸ்டபிளின் விரல்கள் நின்றுவிட்டன. அதிகாரி என்னைப் பார்த்து, அதெல்லாம் வாக்குமூலத்தில் வேண்டாம் மேடம், விடுங்கள் என்றார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"வேணும்," என்றேன். "லிகியே, எழுதுங்க. இல்லைன்னா நாளைக்கு யாராவது இந்தத் தாளைப் படிச்சா, பிள்ளை அம்மாவுக்குத் தெரியாம வீட்டு நம்பரக் கொடுத்துட்டான்னு நினைப்பாங்க. அவ ஒவ்வொரு தடவையும் என்கிட்ட வந்துதான் கேட்டா. அவ மறைக்கல. நான்தான் கேக்கல. அத அப்படியே எழுதுங்க." ஹிந்தியில் இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. கான்ஸ்டபிள் எழுதினார். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மகள் தன் நாற்காலியை என் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை என் துப்பட்டாவின் நுனியை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். கீழே பார்க்கில் சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று ஆனது, நான்கு ஆனது, யாரும் வரவில்லை. சாயங்காலம் பார்த்தபோது அந்த அண்ணாவின் கணக்கே காணாமல் போயிருந்தது. அவன் வைத்திருந்த போட்டோ வேறு யாருடையதோ என்றும், அவன் முனிர்காவில் இருந்ததாகவே தெரியவில்லை என்றும் பிறகு அதிகாரி சொன்னார். விசாரணை நடக்கிறது. மாதா மாதம் போன் செய்து கேட்கிறேன். என் குரலைக் கேட்டாலே அங்கே யாரோ பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். விடட்டும், நான் விட மாட்டேன்.

ஆப்பைத் தூக்கி எறிந்திருப்பேன் என்று நினைத்தால் தப்பு. அது இன்னும் இருக்கிறது. தெரியாதவர்கள் பேசும் அரட்டையை மூடிவிட்டோம், அதை அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து மூடினாள். ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை இருவரும் சேர்ந்து படிக்கிறோம். இரண்டரைக்கு நான் போன் செய்கிறேன். எங்கள் மேலதிகாரி கண்ணாடிக்கு மேலாக முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பிளாக்கைச் சுற்றி இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மாதக் கடைசி ஞாயிறு ஒரு வீட்டில் கூடுவோம். பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து, பிறகு எல்லாருக்கும் டிபன். நடந்ததை அங்கே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா, "பொண்ணு பேரு கெட்டுப்போயிரும், மூடி வைங்க" என்றார். கணவரும் அதையேதான் சொன்னார். நான் மகளிடம் கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். இரண்டு நாள் யோசித்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள். "நீ சொன்னா லெக்சர் ஆயிடும்."

அந்த ஞாயிறு டிபனுக்கு முன்னால் எழுந்து நின்றாள். முக்கால்வாசி ஹிந்தி, கொஞ்சம் தமிழ். கேம் பெயர், அண்ணா, போட்டோ, வெள்ளிக்கிழமை, போலீஸ் நிலையம். அழவில்லை. நான் அவள் கையை முறுக்கியதையும் விடாமல் சொன்னாள். அதுவும் சொல்ல வேண்டியதுதான் என்று பேசாமல் இருந்தேன். முடித்ததும் ஒருவர் நாங்களும் ஆப் போட்டிருக்கிறோமே என்றார். இன்னொருவர் சட்னியைக் கொண்டு வர எழுந்தார்.

சுவரோரம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என் மகளை ஹிந்தியில் அக்கா என்று அழைத்துச் சொன்னாள். "தீதி, என்கிட்டயும் ஒரு அண்ணா பேசுவாங்க. தினம் சாப்ட்டியான்னு கேப்பாங்க."

என் மகள் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "போட்டோ ஏதாவது அனுப்பினியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சின்னவள் நிமிர்ந்து தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மா அதற்குள் எழுந்துவிட்டாள், கையையும் ஓங்கிவிட்டாள். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்தேன்.

"திட்டாதீங்க," என்றேன். "மொதல்ல அவ சொல்லி முடிக்கட்டும்."